புளிக்க வைத்தால் புண்ணாக்கின் நஞ்சு போய்விடுமா?

போன மாதம் எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "மேனேஜர் சார், எந்தப் புண்ணாக்கா இருந்தாலும் மூணு நாள் புளிக்க வெச்சா விஷம் முறிஞ்சிடும், மாட்டுக்கு வைக்கலாம்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. ஆமணக்குப் புண்ணாக்கு விலை கம்மியா இருக்கு. வைக்கலாமா?"

ஆமணக்கை மட்டும் தொடாதீங்கம்மா என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் கூட்டம் விடவில்லை. "நீங்கதானே சார் நுண்ணுயிர் எல்லாத்தையும் மக்க வெச்சிடும்னு சொன்னீங்க, இப்ப மாத்திச் சொல்றீங்களே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி. நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பக்கத்து ஊரில், வாழைக்கு வாங்கி வைத்திருந்த ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டையைக் கிழித்துத் தின்ற நான்கு ஆடுகள் ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், கணக்குப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்வது வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், புண்ணாக்கில் நஞ்சு ஏன் இருக்கிறது? விதை என்பது செடியின் சேமிப்பு. அடுத்த தலைமுறைக்கான மாவுச்சத்து, எண்ணெய், புரதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கிறது. பணம் இருக்கும் இடத்தில் பூட்டு இருக்கும். பருத்திக்குக் காசிப்பால், ஆமணக்குக்கு ரிசின், இலுப்பைக்குச் சபோனின், வேம்புக்கு அதன் கசப்புப் பொருள்கள், புங்கனுக்குக் கரஞ்சின். எண்ணெயை ஆட்டி எடுத்த பிறகு புரதம் புண்ணாக்கில் தங்குகிற மாதிரியே இந்தப் பூட்டுகளும் பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடுகின்றன. பூட்டே இல்லாத பருத்தியை 1950களில் அமெரிக்காவில் உருவாக்கிப் பார்த்தார்கள். கொட்டையில் காசிப்பால் இல்லை, சரி. ஆனால் இலையிலும் காயிலும் கூட இல்லாமல் போனதால் மற்ற பருத்தியைத் தொடாத பூச்சியெல்லாம் இதைத் தேடி வந்தது. எலியும் விடவில்லை. அந்த ரகம் எடுபடவில்லை.

ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு மாதிரி. இதுதான் இந்த விஷயத்தில் பாதிப் பேருக்குப் பிடிபடாத இடம். "விஷம்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ரிசின் ஒரு புரதம். சபோனின் சர்க்கரை கோத்த நுரைப்பொருள். காசிப்பால் மஞ்சள் நிறமி, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. காட்டாமணக்கில் உள்ள போர்பால் எஸ்டர் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சூட்டுக்கும் அசையாது. இத்தனை வகைக்கும் ஒரே சாவி போடுமா? ஒரு நுண்ணுயிர் ஒன்றைத் தின்னும், இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நல்ல உதாரணம் சவுண்டல். சூபாபுல் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் வித்து இல்லைதான், ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதன் தழையில் மிமோசின் என்று ஒரு நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை அதிகம் மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்தில் தைராய்டு வீங்கியது, உடம்பு இளைத்தது. ஹவாய்த் தீவில் அதே தழையைத் தின்ற ஆடுகள் ஜம்மென்று இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வித்தியாசம் தழையில் இல்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கும் கிருமியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஹவாய் ஆட்டின் முதல் வயிற்றுச் சாற்றிலிருந்த கிருமிகளை 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த மாடுகளும் சவுண்டலைத் தின்று தேறின. பின்னால் 1992இல் அந்தக் கிருமிக்கு அவர் பெயரைச் சேர்த்தே சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

ஆஸ்திரேலிய மாட்டு வயிற்றிலும் கோடானுகோடி கிருமி இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு கிருமி இல்லை, அதனால் நோய் வந்தது. "நுண்ணுயிர் நிறைய இருக்கு, எல்லாம் பார்த்துக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. கிளையில் இருபது பேர் வேலை பார்த்தாலும் லாக்கர் சாவி வைத்திருக்கிறவர் லீவு போட்டால் லாக்கர் திறக்காது.

இனி பருத்திக்கு வருவோம். எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் பூமி, பருத்தியும் மக்காச்சோளமும்தான் பிரதானம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கறவை மாட்டுக்குப் பாலில் கொழுப்பு கூடும், காளைக்கு உடம்பு மினுமினுக்கும். அப்படியென்றால் காசிப்பால் என்ன ஆச்சு?

கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், பருப்புக்குள் கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தெரியும். அவைதான் காசிப்பால் இருக்கும் சுரப்பிகள். போலந்து நாட்டு வேதியியலாளர் மார்க்லெவ்ஸ்கி 1899இல் இதற்குப் பெயர் வைத்தார். கொட்டை உடைந்ததும் அது வெளியே வருகிறது. அந்த நிலையில் அது "தனிக் காசிப்பால்", நஞ்சு வேலை செய்யும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அது "கட்டுண்ட காசிப்பால்", உடம்பில் பெரிதாக ஏறாது, சாணியோடு போய்விடும். முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு மாதிரி: பணம் இருக்கிறது, எடுக்க முடியாது. ஆனால் கூடவே லைசினும் முடங்கிப்போகிறது. கோழிக்கு லைசின் முக்கியம், அதனால் இது அதற்கு நஷ்டக் கணக்கு.

மாட்டின் முதல் வயிற்றில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். அங்கே கொதிக்கிற நுண்ணுயிர்க் கூட்டமும், கரைந்த நிலையில் இருக்கிற புரதமும் தனிக் காசிப்பாலைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. வளர்ந்த மாடு, எருமை, ஆடு தாங்குவது இதனால்தான். முதல் வயிறு இன்னும் விளையாத கன்றுக்கு, பிறந்து மூன்று நான்கு மாதம் வரை, இந்தப் பாதுகாப்பு கிடையாது. கன்றுக்குட்டிக்குப் பருத்திக்கொட்டையோ பருத்திப் புண்ணாக்கோ வைத்தால் இதயம் கெடும். மூச்சு வாங்கும், திடீரென்று விழும். நுரையீரல் சளி என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். பன்றிக்கும் இதே கதி. முட்டைக் கோழிக்குப் போட்டால் மஞ்சள் கரு பச்சை கலந்த பழுப்பாகப் போகும், வாங்குகிறவர் அழுகல் முட்டை என்று திருப்பிக் கொடுப்பார்.

வளர்ந்த மாட்டுக்கும் அளவு உண்டு. மொத்தத் தீவனத்தின் காய்ந்த எடையில் முழுப் பருத்திக்கொட்டை 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பொலிகாளைக்கு இன்னும் கவனம் தேவை. காசிப்பால் விந்தணுவைக் குறைக்கும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட கிராமங்களில் குழந்தைப் பிறப்பே குறைந்துபோனது. அதைப் பார்த்துத்தான் 1970களில் அங்கே காசிப்பாலை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. கைவிட்டார்கள். ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை அள்ளி அள்ளி வைக்கிற தம்பிகள், அதே காளையைப் பொலிக்கும் விடுவதாக இருந்தால் இதை நினைவில் வைக்கவும்.

இங்கே நம்ம இயக்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மரச்செக்கு எண்ணெய் மேல் நமக்கெல்லாம் பிரியம், எனக்கும்தான், வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் செக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் பருத்திக்கொட்டையையும் "சூடு படாமல்" செக்கில் ஆட்டிச் சமையலுக்கு விற்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கூடவே கூடாது. பருத்தி எண்ணெயில் உள்ள காசிப்பாலைக் காரம் போட்டுச் சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள். சூடு ஏறும் எக்ஸ்பெல்லர் புண்ணாக்கில் தனிக் காசிப்பால் குறைவு. சூடு ஏறாமல் கரைப்பான் ஊற்றி எண்ணெய் பிரித்த புண்ணாக்கில் அதைவிடப் பல மடங்கு கூட இருக்கலாம். சூடு படாதது எல்லாம் நல்லது என்ற பொதுவிதி விதை நஞ்சு விஷயத்தில் தலைகீழ்.

மதுரைப் பருத்திப்பால் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டு, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். காசிப்பால் தண்ணீரில் லேசில் கரையாது, சக்கையோடு ஒரு பங்கு போகிறது. கொதியில் இன்னொரு பங்கு கட்டுண்டு போகிறது. பச்சையாகப் பிழிந்து குடிக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை பாருங்கள்.

சரி, புளிக்க வைப்பது? இதில் உண்மை இருக்கிறது, பொய்யென்று தள்ளிவிட முடியாது. பருத்திப் புண்ணாக்கில் கேண்டிடா டிராபிகாலிஸ் என்ற ஈஸ்ட், ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற கரும்பூஞ்சை, பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா, இவற்றை வளர்த்துத் தனிக் காசிப்பாலை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். புண்ணாக்கைப் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி, சுமார் 30 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நாள் வைக்கிற முறை. கூடுதல் லாபமாகக் கிருமியின் உடம்பே புரதமாகச் சேர்கிறது. சீனாவில் இப்படிப் புளித்த பருத்திப் புண்ணாக்கைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். நடக்கிற காரியம்தான்.

அதை நம் வீட்டு நீல டிரம்மோடு ஒப்பிடும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை, புண்ணாக்கை நீராவி அழுத்தத்தில் வேகவைத்து அதில் ஏற்கெனவே இருக்கிற கிருமியை எல்லாம் கொல்வது. அந்த வேகவைப்பிலேயே காசிப்பாலில் ஒரு பங்கு கட்டுண்டு போய்விடும். இதைப் புளிப்பின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. அடுத்து, தேர்ந்தெடுத்த ஒரே கிருமியை அளந்து போடுகிறார்கள். மூன்றாவது, முடிந்ததும் அளந்து பார்க்கிறார்கள். நம் டிரம்மில் வேகவைப்பது இல்லை, எந்தக் கிருமி வந்து குடியேறுகிறதோ அதுதான், அளப்பதும் இல்லை. தண்ணீர் மிதமிஞ்சி ஊற்றுவதால் காற்றும் இல்லை. ஆகவே காற்று கேட்கிற பூஞ்சையும் ஈஸ்ட்டும் அங்கே வளராது, புளிப்புக் கிருமியும் அழுகல் கிருமியும்தான் வளரும். புளிப்பு வாசனை வந்தால் புளித்திருக்கிறது என்று அர்த்தம். நஞ்சு போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. மோர் புளித்தால் உப்பு குறைந்துவிடுமா?

சபோனினுக்கு வாங்க. இங்கே நுண்ணுயிர் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலுப்பைப் புண்ணாக்கில் 4 முதல் 6 சதவீதம் சபோனின் இருக்கிறது. தண்ணீரில் போட்டு அடித்தால் நுரைக்கும். எண்ணெய்க் குளியலுக்கு அந்தக் காலத்தில் தேய்த்துக் குளித்ததும் அதனால்தான். மீன் வளர்க்கிறவர்கள் குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன்னால், தண்ணீரில் இருக்கிற விரால், கெளுத்தி போன்ற கொன்று தின்னும் மீன்களை ஒழிக்க இதைப் போடுவார்கள். ஒரு எக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,000 முதல் 2,500 கிலோ. சபோனின் மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறிச் சிவப்பணுவை உடைக்கிறது. சில மணி நேரத்தில் மீன் மிதக்கும். அந்த மீனை மனிதர் சாப்பிடலாம், நம் குடலில் சபோனின் அவ்வளவாக ஏறாது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் குளத்தில் நஞ்சு இருக்காது. தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள கிருமிகள் சபோனினில் கோத்திருக்கிற சர்க்கரையை ஒவ்வொன்றாகக் கழற்றித் தின்கின்றன. சர்க்கரை கழன்றால் நுரையும் போச்சு, செவுளைக் குத்துகிற வேகமும் போச்சு. மிச்சப் புண்ணாக்கு மக்கி உரமாகிறது, தண்ணீர் பச்சை கட்டுகிறது, பாசியும் நுண்பூச்சியும் பெருகுகின்றன, குஞ்சுக்குச் சாப்பாடு தயார். முதல் வாரம் கொன்ற அதே பொருள் நான்காவது வாரம் சோறு போடுகிறது. குஞ்சு விடுவதற்கு முன் ஒரு வலைக்கூண்டில் பத்துக் குஞ்சை விட்டு ஒருநாள் வைத்துப் பார்ப்பது பழக்கம். இங்கே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதனால் தைரியமாகச் செய்யலாம்.

வேப்பம் புண்ணாக்கில் கதை வேறு. அதன் கசப்புப் பொருள்கள் மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவைத் தாமதப்படுத்துகின்றன. தழைச்சத்து ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல் நின்று கிடைக்கிறது. அரசாங்கமே 2015இல் யூரியா முழுவதற்கும் வேம்பெண்ணெய் பூசச் சொன்னது இதை வைத்துத்தான். இங்கே நஞ்சு மெதுவாகச் சிதைவதுதான் நமக்கு லாபம். டிரம்மில் பத்து நாள் புளிக்க வைத்துவிட்டு வயலுக்கு விடுகிறவர்கள் அந்த லாபத்தை டிரம்மிலேயே விட்டுவிடுகிறார்கள். நூற்புழுவுக்காகப் போடுவதென்றால் இடித்துத் தூளாக்கி நேராக மண்ணில் போட்டுக் கிளறுவதே நல்லது.

காட்டாமணக்கைப் பற்றி ஒரு சின்னப் பத்தி. 2003இல் மத்திய திட்டக்குழு பயோடீசலுக்குக் காட்டாமணக்கைக் கைகாட்டியது. அப்புறம் சில வருடம் வங்கி மேசைக்கு வந்த கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். திட்ட அறிக்கையில் எண்ணெய்க்கு ஒரு வருமானம், "புண்ணாக்கு விற்பனை" என்று இன்னொரு வருமானம் போட்டிருப்பார்கள். தீவனமாக ஆகாத புண்ணாக்கை யார் வாங்குவார்கள் என்று கேட்டால் பதில் வராது. பிற்பாடு டெல்லி ஐ.ஐ.டி.யில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை அந்தப் புண்ணாக்கில் வளர்த்து, ஒன்பது நாளில் போர்பால் எஸ்டரைச் சிதைத்துக் காட்டினார்கள், 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அருமையான வேலை. ஆனால் அந்தப் பாக்டீரியா இனத்துக்கு இன்னொரு முகம் உண்டு: ஆஸ்பத்திரியில் தீக்காயப் புண்ணில் சீழ் வைக்கிற கிருமியும் அதே இனம்தான். வீட்டு டிரம்மில் வளர்த்து விளையாடுகிற சரக்கு இல்லை.

இப்போது ஆமணக்கு. கொட்டமுத்து என்றும் சொல்வார்கள். புண்ணாக்கில் சுமார் 4.3 சதவீதம் தழைச்சத்து, 1.8 மணிச்சத்து, 1.3 சாம்பல்சத்து. வாழை, மஞ்சள், மல்லிகை எல்லாவற்றுக்கும் தங்கமான உரம். உரம் என்றவரை அதற்கு ஈடு இல்லை, நானும் போடுகிறேன்.

அதில் உள்ள ரிசின் உலகத்தில் தெரிந்த கொடிய செடி நஞ்சுகளில் ஒன்று. இரண்டு சங்கிலிகளாக உள்ள புரதம் அது. ஒரு சங்கிலி உயிரணுவின் சுவரைப் பிடித்துக்கொண்டு வழி திறக்கும். மற்றது உள்ளே போய், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறைகளை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேலாக மூடிக்கொண்டே போகும். 1978இல் லண்டனில் மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரைக் குடை நுனியால் குத்திக் கொன்ற செய்தியை என் வயதுக்காரர்கள் படித்திருப்பீர்கள். குண்டூசித் தலை அளவுக் குண்டில் வைத்திருந்தது இதைத்தான் என்பது விசாரணையின் முடிவு. ஆடோ நாயோ தின்றால் சில மணி நேரத்திலிருந்து இரண்டொரு நாளுக்குள் ரத்தபேதி, நடுக்கம், துவண்டு விழுவது. மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் டாக்டரிடம் கொண்டுபோனால் வயிற்றைச் சுத்தம் செய்து குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ரிசின் எண்ணெயில் இறங்காது, அதனால் விளக்கெண்ணெய் குடிக்கலாம். நம் பாட்டிமார் கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுத்தார்கள். ஈரச்சூடு ரிசினுக்கு எமன், முட்டை வெந்து கட்டியாகிற மாதிரி அதன் உருவம் குலைந்துவிடும். ஆகவே அந்தக் காலத்துக் கசடில் ரிசின் பெரும்பாலும் செத்த பாம்பு. இன்று சூடு ஏறாமல் செக்கில் ஆட்டி வருகிற ஆமணக்குப் புண்ணாக்கில் அது உயிரோடு இருக்கிறது. "எங்க தாத்தா காலத்துல எல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்கிறவர்கள் தாத்தா எப்படி எண்ணெய் எடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரிசின் புரதம்தானே, கிருமி தின்று தீர்க்காதா? தீர்க்கும். ஈரமும் உயிரோட்டமும் உள்ள மண்ணில் மற்ற புரதத்தைப் போல அதுவும் அறுபட்டுத் தழைச்சத்தாகிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு போட்ட வாழையில் பழத்துக்கு நஞ்சு ஏறுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் மண் என்பது பெரிய வயிறு, அவகாசமும் நிறைய. மூன்று நாள் டிரம்மில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று சொல்ல யாராலும் முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு போனாலும் மிச்சம் பத்து ஒரு ஆட்டுக்குப் போதும். கூடவே ரிசினைன் என்ற சின்ன ஆல்கலாய்டு ஒன்றும், ஒவ்வாமை கொடுக்கிற வேறொரு புரதமும் இருக்கின்றன, இவை சூட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. ஆமணக்கு ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இளைப்பு வருவது அந்தப் புரதத் தூசியால். பிரேசிலில் சுண்ணாம்பு கலந்தும் அழுத்தத்தில் வேகவைத்தும் நஞ்சு நீக்கி ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனைக்கூடம் பக்கத்தில் இருக்கிற ஆட்களின் வேலை அது.

நான் செய்வது இதுதான். மூட்டையைத் தனி அறையில், தீவன மூட்டையோடு சேராமல், மேலே ஏற்றி வைத்துப் பூட்டுகிறேன். மூட்டை மேல் பெயிண்டில் "உரம் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. கூலிக்கு வருகிறவர் புதியவராக இருந்தால் இரண்டு புண்ணாக்குக்கும் வித்தியாசம் தெரியாது, குறை அவரைச் சொல்லி என்ன. வயலுக்குப் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஒரு பங்கு புண்ணாக்குக்கு ஐந்து பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் குவித்துச் சாக்குப் போட்டு மூடி, சுற்றிலும் முள் அடைத்துவிடுகிறேன். உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடு ஏறும். ஒரு தடவை கிளறிவிட வேண்டும். கலக்கும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது கட்டாயம். வயலில் மேலாகத் தூவுவதில்லை, குழி எடுத்துப் போட்டு மண் மூடுகிறேன். அதன் வாசத்துக்கு நாய் வந்து தோண்டும். எலும்புத் தூளோடு கலந்தால் கேட்கவே வேண்டாம்.

டிரம்மில் கரைத்து வாழைக்கு விடுகிறவர்கள் விடலாம், செடிக்கு நல்லதுதான். டிரம்முக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள். வடிகட்டிய சக்கையை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள்.

பருத்திப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறவர்கள் சில மணி நேரம் ஊறவைத்து அன்றைக்கே வைத்துவிடுங்கள். ஊறுவது மாடு மெல்லுவதற்குத்தான், காசிப்பாலைக் குறைக்க அல்ல. கொதிக்கவைத்து வைத்தால் இன்னும் நல்லது. நாட்டுக்கோழிக்குப் பருத்திப் புண்ணாக்கு போட்டே ஆகவேண்டும் என்றால் தீவன ஆலைகளில் அன்னபேதி சேர்க்கிற முறை ஒன்று உண்டு. இரும்பு தனிக் காசிப்பாலைப் பிடித்துக் கட்டிவிடும், ஒரு பங்கு காசிப்பாலுக்கு ஒரு பங்கு இரும்பு என்பது கணக்கு. புண்ணாக்கில் எவ்வளவு காசிப்பால் என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது, அதனால் வீட்டில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். கோழிக்கு எள்ளுப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் போடுங்கள்.

அந்தக் கடலைப் புண்ணாக்கிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புளிக்க வைக்கிற ஆசையில் அதிகம் கெடுவது அதுதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்படித்தான் அஃப்ளாடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. கடலைச் செடிக்கு அந்த நஞ்சோடு சம்பந்தம் இல்லை, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூஞ்சை ஈரத்தில் வளர்ந்து அதை உண்டாக்குகிறது. காசிப்பாலைத் தின்கிற கரும்பூஞ்சைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈரப் புண்ணாக்கை மூன்று நாள் திறந்து வைத்தால் அண்ணன் வருவாரா தம்பி வருவாரா என்று நமக்குத் தெரியாது. அஃப்ளாடாக்சின் கொதித்தாலும் போகாது. மாடு தின்றால் ஈரல் கெடும். ஒரு பங்கு பாலில் இறங்கி நம் வீட்டுப் பிள்ளைக்கே வந்து சேரும்.

சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து அரைக்கிலோ கொண்டுபோங்கள். பூஞ்சை நஞ்சு சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்ற சோதனைகளுக்கு முதலில் போனில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஐந்தாறு பேர் ஒரே ஆலையில் புண்ணாக்கு எடுக்கிறவர்கள் சேர்ந்து ஒரு மாதிரி கொடுத்தால் கட்டணம் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். பூஞ்சை பூத்த மூட்டையைக் காயவைத்து, உதறிவிட்டு மாட்டுக்கு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த மூட்டை எருக்குழிக்குப் போகட்டும்.